சின்னக் காரின் கூரையில் மூன்று கயாக் போகுமா?

கனடாவின் மார்க்கம் நகரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எங்களிடம் இருப்பது ஹொண்டா ஃபிட். கூரையில் பக்கக் கம்பிகூட இல்லை, வெறும் தகரம். பத்து அடிக் கயாக் இரண்டும் பன்னிரண்டு அடி மீன்பிடிக் கயாக் ஒன்றும் இருக்கின்றன. ஓகஸ்டில் அல்கொங்குயின் பூங்காவுக்குப் போகிறோம். நுரைக்கட்டை வைத்து நைலோன் கயிற்றால் இறுக்கினால் மூன்றும் போகும் என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். போகுமா?"

தம்பி, நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் காரின் கூரை வரம்பு இடம் கொடுத்தால் பத்து அடிப் படகுகள் இரண்டும் வடிவாகப் போகும். மீன்பிடிப் படகு அந்தக் கூரையில் போகாது. நுரைக்கட்டையும் நைலோன் கயிறும் இந்தப் பயணத்துக்குச் சரிவராது. காரணங்களை விரிவாகச் சொல்கிறேன். காரணம் விளங்கினால்தான் வழியில் ஒரு பட்டி தளர்ந்தாலோ காற்று மாறினாலோ என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியும். நான் பல கோடைகளாக ஒரு பழைய கொரோலாவின் கூரையில் இரண்டு படகு வைத்து ஒன்ராறியோ முழுக்கத் திரிகிறவன். இதில் ஒரு தடவை நன்றாகவே பட்டிருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

ராக், அதாவது கூரையில் பூட்டும் சுமைதாங்கி, வாங்குவதற்கு முன்னால் ஒரு எண்ணைத் தேடி எடுக்க வேண்டும். கூரை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதுதான் அந்த எண். காரின் கையேட்டில் இருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 45 கிலோவில் இருந்து 75 கிலோ வரைதான். கையேட்டில் காணவில்லையென்றால் துலே, யக்கிமா போன்ற ராக் கம்பனிகளின் தளங்களில் காரின் பெயரையும் ஆண்டையும் கொடுத்துப் பார்க்கலாம். ராக்குக்கும் தனி வரம்பு உண்டு. யக்கிமாவின் ராக்குகளில் பெரும்பாலானவை 165 இறாத்தல், அதாவது 75 கிலோ. கார் சொல்வதும் ராக் சொல்வதும் வேறு வேறாக இருந்தால் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும்.

இந்த எண்ணை வாசிக்கும்போது இரண்டு பிழை நடக்கிறது. ராக்கின் பாரமும் அந்த எண்ணுக்குள்தான் வருகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ராக்கின் இரண்டு குறுக்குச் சட்டமும் அவற்றைக் கூரையில் பிடிக்கும் நான்கு காலும் சேர்ந்து ஆறு, ஏழு கிலோ வரும். படகு தாங்கிகள் இன்னும் மூன்று, நான்கு கிலோ. ஆக, படகு ஏறுவதற்கு முன்பே கிட்டத்தட்டப் பத்துக் கிலோ போய்விடுகிறது. மற்றது, "நான் கூரையில் ஏறி நின்றே பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, எனக்கு 80 கிலோ" என்று சொல்லும் ஆட்கள். நிற்கிற காரில் அந்தத் தகரம் இன்னும் கூடத் தாங்கும்தான். ஆனால் அந்த எண் ஓடுகிற காருக்கானது. பள்ளத்தில் விழும்போதும், வளைவில் திரும்பும்போதும், சட்டென்று பிரேக் அடிக்கும்போதும் படகின் பாரம் ஒரு பக்கமாக எகிறும். அந்த உதையெல்லாம் தாங்கும் அளவுக்குக் கழித்துத்தான் அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள்.

இனி உங்கள் கணக்கு. பத்து அடி பிளாஸ்டிக் கயாக் ஒன்று 18 முதல் 23 கிலோ வரும். நடுவாக 20 வைத்தால் இரண்டும் 40. ராக், தாங்கியோடு 50. பல சின்னக் கார்களுக்கு இது வரம்புக்குள் வரும், ஆனாலும் உங்கள் காரின் எண்ணை ஒருக்கா பார்த்துவிடுங்கள். பன்னிரண்டு அடி மீன்பிடிக் கயாக், அதுவும் மேலே இருந்து ஓட்டுகிற வகை என்றால், 30 கிலோவுக்குக் கீழே அரிதாகத்தான் கிடைக்கும். கதிரையும் தூண்டில் தாங்கியும் பூட்டினால் 40 தாண்டுபவையும் உண்டு. அதை ஏற்றினால் மொத்தம் 80, 90 என்று போய்விடும். உங்கள் ஃபிட்டுக்கு மட்டும் இல்லை, இந்த அளவுக் கார் எதற்குமே அது கூடிய பாரம். கயிற்றை எவ்வளவு திறமாகக் கட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

பாரத்துக்கு அடுத்தது அகலம். சின்னக் காரின் குறுக்குச் சட்டத்தில் கால்களுக்கு நடுவே கிடைப்பது ஒரு மீற்றர் சொச்சம். பத்து அடிப் படகின் அகலம் 70 முதல் 80 சென்ரிமீற்றர். இரண்டையும் தட்டையாகப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒன்றரை மீற்றர் வேண்டும், அவ்வளவு இடம் இல்லை. அதனால் படகை விலாப்பக்கமாக நிமிர்த்தி வைக்க வேண்டும். அப்படி நிமிர்த்தினால் ஒன்றுக்கு 35, 40 சென்ரிமீற்றர் போதும். பிளாஸ்டிக் படகுக்கும் அதுதான் நல்லது. விலாப்பக்கம் விறைப்பாக இருக்கும். அடிப்பக்கம் தட்டை, வெயிலில் நசியும்.

நிமிர்த்தி வைக்க இரண்டு வகைத் தாங்கி கிடைக்கிறது. ஒன்று ஆங்கில ஜே எழுத்துப் போல வளைந்தது. ஒவ்வொரு படகுக்கும் ஒரு சோடி. மற்றது ஸ்டாக்கர், சட்டத்தின் நடுவில் நேராக நிற்கும் ஒரு கம்பம். அதன் இரு பக்கமும் படகுகளைச் சாய்த்துக் கட்டுவார்கள். என்னைக் கேட்டால் உங்களுக்கு ஸ்டாக்கர்தான். இடம் குறைவாக எடுக்கும், பாரம் குறைவு, படகு இல்லாத நாட்களில் மடித்துவிடலாம். ஜே தாங்கி இரண்டு சோடியைச் சின்னக் காரின் சட்டத்தில் பூட்டினால் வெளிப்பக்க வளைவு கூரை விளிம்புக்கே வந்துவிடும், படகைத் தலைக்கு மேலே தூக்கி அதற்குள் விடுவதும் சிரமம். ஸ்டாக்கரில் மூன்று, நான்கு படகு வைக்கலாம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது கம்பத்தின் கொள்ளளவு. உங்கள் கூரையின் கொள்ளளவை அந்தப் பெட்டி அறியாது.

நுரைக்கட்டை கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே படகு, ஸ்காபரோவில் இருந்து பிளஃபர்ஸ் பார்க் வரை, உள்வீதியால் மெல்ல ஓடுவதென்றால் அது போதும். ஆனால் அதில் படகைக் காரோடு பிணைப்பது கதவு வழியாகக் காருக்குள்ளே ஓடுகிற கயிறு மட்டும்தான். கட்டை கூரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பக்கக் காற்றில் கட்டை அரக்கினால் கயிறு தளரும், கயிறு தளர்ந்தால் கட்டை இன்னும் அரக்கும். மழை பெய்தால் கயிறு வழியாகத் தண்ணீர் உள்ளே வடிந்து மடியில் சொட்டும். இரண்டு படகுக்கு அந்த முறை இல்லவே இல்லை.

ஆகவே கால்கள் கதவுச் சட்டத்தைப் பிடிக்கும் வகை ராக் வேண்டும். வெறும் தகரக் கூரைக்கு அதுதான் வழி. ஒவ்வொரு காருக்கும் அதற்கென்று அளவெடுத்த பிடிப் பகுதிகள் உண்டு. இன்னொரு காருக்கு வாங்கிய பழைய ராக்கை யாராவது சும்மா தந்தாலும் அந்தப் பிடிகளை மட்டும் உங்கள் காருக்கென்று புதிதாக வாங்குங்கள். பூட்டுவதற்கு முன் கூரை விளிம்பையும் கதவு இடுக்கையும் ஈரத்துணியால் துடையுங்கள். அங்கே கிடக்கும் மண், ரப்பருக்கும் பெயின்ற்றுக்கும் நடுவில் அரத்தாள் போல வேலை செய்யும். சட்டம் எங்கே வர வேண்டும் என்று கையேட்டில் அளவு இருக்கும், அதை அளவு நாடா பிடித்து அளந்தே வையுங்கள். அனுமதிக்கிற அளவுக்குள் இரண்டு சட்டமும் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு நல்லது. உங்கள் மாதிரிக் குட்டைக் காரில் இடைவெளி 70 சென்ரிமீற்றர் சுற்றித்தான் கிடைக்கும். மூன்று மீற்றர் நீளப் படகு, நடுவில் 70 சென்ரிமீற்றரை மட்டும் நம்பிக் கிடக்கிறது. மூக்குப் பக்கமும் வால் பக்கமும் ஒரு மீற்றருக்கு மேல் அந்தரத்தில் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சத்தில் திரும்பவும் இதற்கு வருகிறேன்.

இனிக் கட்டு. இதில் நான் நிறையச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராச்செட் வேண்டாம். அந்தப் பல்சக்கரப் பிடி லொறிக்கும் மரக்குற்றிக்கும் செய்தது. இரண்டு இழுப்புக் கூடினால் பிளாஸ்டிக் உள்ளே குழியும், நார்க்கண்ணாடிப் படகு வெடித்தே போகும். காம் பக்கிள், அதாவது பட்டியைக் கையால் இழுத்துவிட்டால் தானே கவ்விக்கொள்ளும் கொளுக்கி, போட்ட 25 மில்லிமீற்றர் அகலப் பட்டி வாங்குங்கள். கையால் இழுக்கிற பலம்தான் அதன் உச்சம், அதற்கு மேல் இறுக்க முடியாது என்பதுதான் அதன் பெரிய குணம். நீளம் ஆகக் குறைந்தது நாலரை மீற்றர். ஒரு சட்டத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு படகுக்கும் இரண்டு, மொத்தம் நான்கு பட்டி.

படகைச் சாய்த்து வைத்ததும் பக்கிளை உங்கள் பக்கம், நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டு மறுமுனையைப் படகுக்கு மேலால் எறியுங்கள். எறிகிற முனையில் இரும்பு இல்லாதபடி பாருங்கள், பக்கிள் பறந்துபோய் மறுபக்கக் கண்ணாடியில் விழுந்த கதைகள் உண்டு. மறுபக்கம் போய், முனையைச் சட்டத்துக்கு அடியால் சுற்றி எடுத்துத் திரும்ப மேலால் எறியுங்கள். இந்தப் பக்கம் வந்து சட்டத்துக்கு அடியால் எடுத்துப் பக்கிளில் கொழுவி இழுங்கள். இங்கே ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பட்டி சட்டத்தைச் சுற்றுகிற இடம் காலுக்கு உள்பக்கமாக இருக்க வேண்டும். காலுக்கு வெளியே, சட்டத்தின் நுனிப் பக்கம் சுற்றினால் ஒரு அதிர்ச்சியில் வழுகி நுனியால் கழன்றுவிடலாம். உள்ளே சுற்றினால் கால் தடுத்துக்கொள்ளும். தாங்கியில் மட்டும் சுற்றிவிட்டும் நிறுத்தக் கூடாது. தாங்கியின் ஆணி சின்னது. பட்டி சட்டத்தையே பிடிக்க வேண்டும்.

இழுக்கும்போது படகு பட்டிக்கு அடியில் லேசாக நெரிகிற சத்தம் கேட்கும். அதோடு நிறுத்துங்கள். படகின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். படகு மட்டும் ஆடினால் இன்னும் இறுக்க வேண்டும், படகோடு காரே சேர்ந்து ஆடினால் போதும். பட்டியைத் தட்டையாக விடாமல், காற்று அடிக்கும் நீளத்தில் ஒரு முறுக்குப் போட்டு விடுங்கள். தட்டைப் பட்டி ஓட்டத்தில் அதிர்ந்து நாதஸ்வரச் சீவாளி மாதிரிக் கத்தும். மூன்று மணித்தியாலம் அதைக் கேட்டால் தலை வெடிக்கும், அதிர்ந்து அதிர்ந்து பட்டியும் தேயும். மிஞ்சும் நுனியைப் பக்கிளுக்குக் கீழே இரண்டு முடிச்சாகப் போட்டுவிடுங்கள், பக்கிள் வழுகினாலும் முடிச்சு மறிக்கும்.

இப்போது அந்தரத்தில் நிற்கும் மூக்குக்கு வருகிறேன். முன்கயிறும் பின்கயிறும் இல்லாமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். "பட்டி நாலும் இறுக்கமாக இருக்கிறதே" என்று பலர் இதை விட்டுவிடுவார்கள். நூறில் ஓடும்போது காற்று முன்கண்ணாடியில் மோதி மேலே எழும்பும், அது நேரே படகின் மூக்குக்கு அடியில்தான் போய் முட்டும். மூக்கு மேலே துடிக்கும். அந்தத் துடிப்பை நெம்புகோல் மாதிரிப் பெருக்கி, முன்சட்டத்தின் இரண்டு கால்களில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது அந்த ஒரு மீற்றர் நீளம். ஆட்கள் படகைத் தொலைக்கும்போது பல நேரம் பட்டி அறுந்திருக்காது. ராக்கே கூரையில் இருந்து பிடுங்கிக்கொண்டு போயிருக்கும், படகு ராக்கோடு கட்டியபடியே வீதியில் கிடக்கும். முன்கயிறு படகைக் காரோடு பிணைக்கிறது. ராக் போனாலும் படகு போகாது.

இந்தச் சின்னக் கார்களின் முன்னால் கட்ட இடம் இருக்காது, எல்லாம் பிளாஸ்டிக். பம்பரின் கிறில்லில் கட்ட வேண்டாம். பொனற்றைத் திறந்தால் இரு ஓரமும் மட்கார்டைப் பிடித்திருக்கும் ஆணிகள் தெரியும். அவற்றுக்குக் கீழ் மாட்டும் துணி வளையங்கள் விற்கிறார்கள். ஆணியைக் கழற்றி வளையத்தின் இரும்புக் கண்ணை அதில் கோர்த்துத் திரும்ப முடுக்க வேண்டும். தேவையானபோது வளையத்தை வெளியே எடுத்துவிட்டுப் பொனற்றை மூடலாம். பத்து நிமிட வேலை. பின்பக்கமும் இதே மாதிரி வளையத்தைப் பின்கதவு இடுக்கால் விடலாம். முன்னால் படகின் மூக்கில் இருந்து இரு வளையத்துக்கும் இரண்டு கயிறு, கூரைக்கூம்பு போல விரிந்து வர வேண்டும். அப்போதுதான் மூக்கு மேலேயும் எழும்பாது, பக்கத்துக்கும் போகாது. இறுக்கம் அளவாக இருக்கட்டும். தொய்வு போனதும் நிறுத்துங்கள். வில் மாதிரி மூக்கைக் கீழே வளைத்தால் படகு கெடும்.

பின்கயிறுக்கும் வேலை உண்டு. ஹைவே 60 இல் அந்தி நேரத்தில் மூஸ் மான் வீதிக்கு இறங்கும். நீங்கள் முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்தால் 40 கிலோ படகு 30 கிலோவுக்கு மேலான உதையோடு முன்னால் போகப் பார்க்கும். நிமிர்த்திக் கட்டிய வழவழப்பான பிளாஸ்டிக், பட்டிக்குள்ளால் வழுக்கும். அதை இழுத்துப் பிடிக்கிறது பின்கயிறுதான்.

எந்தக் கயிறு என்பதற்கு என் கதையைச் சொல்கிறேன். முதல் கோடையில் ஒரே ஒரு படகை ஏற்றிக்கொண்டு ஹைவே 35 ஆல் மின்டன் பக்கம் போனேன். முன்கயிறு நைலோன், வீட்டில் கிடந்தது. லின்ட்சே தாண்ட மழை பிடித்தது. நைலோன் தண்ணீரைக் குடித்தால் நீளும், அது அப்போது எனக்குத் தெரியாது. முன்கண்ணாடிக்கு மேலே கயிறு தொய்ந்து ஆடுவதைக் கண்டேன். அடுத்த காஸ் ஸ்டேஷனில் பார்ப்போம் என்று ஓடினேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது. மிச்ச நுனி கழன்று கீழே தொங்கி முன்சில்லுக்கு அடியில் போனது. சில்லு கயிற்றைச் சுற்றி இழுக்க, படகின் மூக்கு "டமார்" என்று பொனற்றில் வந்து குத்தியது. முன்கண்ணாடி வலை மாதிரி வெடித்தது. மனைவி பக்கத்தில் இருந்தா. பின்னால் ஒரு வான் வந்துகொண்டிருந்தது, அந்த மனிதர் தள்ளி ஓடியதால் தப்பினோம். கண்ணாடியை மாற்றிவிட்டேன், ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன்: பொலியெஸ்டர் கயிறு, ஏழு அல்லது எட்டு மில்லிமீற்றர். அது நனைந்தாலும் அநேகமாக நீளாது. மிஞ்சும் நுனியைச் சில்லை எட்டாத நீளத்துக்கு வெட்டிவிடுங்கள், அல்லது மேலே கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். ஓடும்போது கயிறோ பட்டியோ ஆடுவதைக் கண்டால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டுங்கள், காஸ் ஸ்டேஷன் வரைக்கும் போக வேண்டாம். முடிச்சுக்கு, ஊரில் லொறிக்காரர் மூட்டைக்கு மேலால் போடுவார்களே, அதுதான். கயிற்றின் நடுவில் ஒரு சுருக்குக் கண் போட்டு, நுனியை வளையத்துக்குள்ளால் விட்டு, திரும்ப அந்தக் கண்ணுக்குள்ளால் எடுத்துக் கீழே இழுத்தால் கப்பி மாதிரி வேலை செய்யும், ஒரு சின்னப்பிள்ளை இழுத்தாலே விறைக்கும். விறைத்ததும் இரண்டு முடிச்சு. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ இதைக் கட்டியது கண்ணில் நிற்கும், ஆனால் கை மறந்திருக்கும். கதிரைக் காலில் நாலு தரம் கட்டிப் பாருங்கள், வந்துவிடும்.

வேகம். காற்றின் தள்ளல் வேகத்தோடு நேராகக் கூடாது, வர்க்கமாகக் கூடும். நூறில் இருந்து நூற்றிருபதுக்குப் போனால் தள்ளல் 44 சதவீதம் ஏறும். நூறில் இருந்து எண்பதுக்கு இறங்கினால் 36 சதவீதம் குறையும். ஹைவே 400 இல் எல்லாரும் 120 இல் பறக்கிறார்கள் என்று நீங்களும் போக வேண்டாம். வலது ஓர லேனில் 90, 95 இல் ஓடுங்கள். பக்கக் காற்று இன்னொரு விஷயம். நிமிர்த்தி வைத்த மூன்று மீற்றர் படகு காற்றுக்குக் காட்டுகிற முகம் ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் காற்று குறுக்கே அடித்தால் 25 கிலோ அளவுக்குக் கூரை உயரத்தில் தள்ளும். ஃபிட் போல இலேசான காரில் ஸ்டியரிங்கில் அது நன்றாகவே தெரியும். பெரிய ட்ரக் ஒன்றைத் தாண்டும்போது முதலில் உறிஞ்சும், பிறகு தள்ளும். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். கடும் காற்று எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளுங்கள்.

ஏற்றுகிற ஒழுங்கில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. உங்களது பின்கதவு மேலே திறக்கும் கார். படகும் பின்கயிறும் கட்டியபிறகு அந்தக் கதவு திறக்காது. கூடாரம், சாப்பாட்டுப் பெட்டி, எல்லாம் முதலில் உள்ளே போகட்டும். குடிக்கத் தண்ணீரும் மழைச்சட்டையும் பின்சீற்றில் இருக்கட்டும். கூரை ஏரியல் இருந்தால் திருகிக் கழற்றிவிடுங்கள். தனியே ஏற்றுவதென்றால் குளியலறை ரப்பர் விரிப்பைப் பின்விளிம்பில் போட்டு, படகின் மூக்கை அதில் சாய்த்துவிட்டு, வாலைத் தூக்கித் தள்ளுங்கள். முழுப் பாரத்தையும் ஒரே நேரத்தில் தூக்கத் தேவையில்லை.

உயரத்தையும் அளந்து ஒரு துண்டில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கார் ஒன்றரை மீற்றர், சட்டமும் நிமிர்ந்த படகும் சேர்ந்தால் 2.4 மீற்றர் சுற்றி வரும். நிலக்கீழ் வாகனத் தரிப்பிடங்கள் பலவற்றின் வாசல் இரண்டு மீற்றர்தான். கோப்பிக் கடையின் ட்ரைவ் த்ரூவிலும் கவனம். எல்லாவற்றையும் விட வீட்டு கராஜ் கதவு. களைத்து வரும் இரவில் கை தன்பாட்டில் ரிமோட்டை அழுத்தும். கதவைத் திறக்கும் ரிமோட்டைப் புறப்படும்போதே டிக்கிக்குள் போட்டுவிடுவது என் வழக்கம்.

போக்குவரத்துச் சட்டத்தைப் பொறுத்தவரை ஒன்ராறியோவில் சுமை காரின் பின்னால் 1.5 மீற்றரோ அதற்கு மேலோ நீண்டால் பகலில் சிவப்புக் கொடி, இருட்டிலும் மங்கலான நேரத்திலும் சிவப்பு விளக்குக் கட்ட வேண்டும். உங்கள் கார் நான்கு மீற்றர் நீளம், படகு மூன்று. அதனால் அந்தப் பிரச்சினை உங்களுக்கு வராது. பதினாறு, பதினேழு அடிக் கடல் கயாக் வாங்கும் காலத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுமை விழாதபடி கட்டியிருக்க வேண்டும் என்பது எந்த நீளத்துக்கும் பொருந்தும்.

புறப்பட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில், ஹைவே ஏறுவதற்கு முன்பே, ஒரு இடத்தில் நிறுத்தி நான்கு பட்டியையும் கையால் தட்டிப் பாருங்கள். முதல் சில கிலோமீற்றரில் படகு தன் இடத்தைத் தேடி உட்காரும், பட்டி கட்டாயம் கொஞ்சம் தளரும். பிறகு நிறுத்தும் இடமெல்லாம் ஒரு சுற்று. ஓகஸ்ட் வெயிலில் நிறுத்திவைத்தால் பிளாஸ்டிக் இளகும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் நிற்பதென்றால் பட்டியைச் சற்றுத் தளர்த்திவிட்டு, புறப்படும்போது திரும்ப இறுக்குங்கள். அப்படியும் ஒரு குழி விழுந்தால் பயப்பட வேண்டாம், பட்டியைக் கழற்றி அந்தப் பக்கத்தை வெயிலுக்குக் காட்டி வைத்தால் பெரும்பாலும் தானாக எழும்பிவிடும். மழைக்கு, படகில் ஆள் உட்காரும் பள்ளத்தை மூடும் உறை ஒன்று வேண்டும். பத்து லீற்றர் தண்ணீர் உள்ளே தேங்கினால் பத்துக் கிலோ. நாம் மேலே பார்த்த கணக்கில் அவ்வளவு மிச்சம் இல்லை.

வரும் வழியில்தான் கட்டு மோசமாக இருக்கும். கை களைத்திருக்கும், நுளம்பு கடிக்கும், பிள்ளை அழும், இருட்டிக்கொண்டு வரும். ஒரு மணித்தியாலம் முந்தியே கரைக்கு வந்துவிடுங்கள். அங்கே இன்னொரு வேலையும் இருக்கிறது. 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் எந்தப் படகையும் வீதியில் கொண்டுபோக முன்னர் அதில் ஒட்டிய பாசி, செடி, நீர் உயிரினங்கள் எல்லாம் அகற்றித் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது சட்டம். கயாக்கும் அதற்குள் அடக்கம். வரிக்குதிரைச் சிப்பி என்கிற அந்தச் சின்னப் பிராணி எண்பதுகளில் பேரேரிகளுக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கு எத்தனையோ ஏரிகளில் பாறையெல்லாம் அதுதான். அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது, படகின் அடியில் தேங்கும் ஒரு கோப்பைத் தண்ணீரில் பயணம் செய்யும். ஒன்ராறியோ ஏரியில் ஓட்டிய படகை நன்றாகக் காயவிடாமல் அல்கொங்குயினுக்குக் கொண்டுபோக வேண்டாம். 1893 இல் இருந்து காத்துவரும் தண்ணீர் அது. எங்கள் பிள்ளைகளும் அதில் நீந்த வேண்டும்.

மூன்றாவது படகுக்கு என்ன செய்வது? அல்கொங்குயினுக்குள் இருக்கும் கனூ லேக்கிலும் ஓப்பியோங்கோ ஏரிக்கரையிலும் படகு நாள் வாடகைக்குக் கிடைக்கும். மூன்றாமவருக்கு ஒன்றை அங்கேயே எடுங்கள், ஓகஸ்டில் கூட்டம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைத்து. சிறிய காருக்குப் பின்னால் ட்ரெயிலர் கட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஃபிட் வட அமெரிக்காவில் இழுவைக்கென்று விற்ற கார் அல்ல. நிரந்தரமாக மூன்று பேர் போகிறீர்கள் என்றால் காற்றடிக்கும் கயாக் ஒன்று நல்லது, 12 முதல் 17 கிலோ பைக்குள் அடங்கி டிக்கிக்குள் போய்விடும். மீன்பிடிப் படகை வானோ பிக்கப்போ வைத்திருக்கும் நண்பர் வருகிற நாளில் கொண்டுபோகலாம்.

ராக் வாங்கியதும் நேரே அல்கொங்குயினுக்கு ஓட வேண்டாம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீட்டு வாசலில் இரண்டு படகையும் ஏற்றி, கட்டி, இறக்கி, திரும்பவும் கட்டிப் பாருங்கள். முதல் தரம் ஒரு மணித்தியாலம் எடுக்கும், மூன்றாம் தரம் இருபது நிமிடத்தில் முடியும். அடுத்த நாள் காலமை பிளஃபர்ஸ் பார்க் வரை ஓடி, இறக்கி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு, ஈரப் படகை ஈரக் கையோடு திரும்ப ஏற்றுங்கள். போகும்போதும் வரும்போதும் நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், கட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.